அடுக்களை வரை கேரளம்

“அந்த வரிய வெட்டணும்,” என்றாள் ஓமனா.

வாசித்துக்கொண்டிருந்த வில்பிரட் நிமிர்ந்தார். அவர் சபைச் செயலர். சன்னலோரத்தில் தையல் மிஷினையே மேசையாக்கிக்கொண்டு சுந்தரதாஸின் ஜீவசரித்திரத்தை எழுதி, வீட்டாருக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தச் சபையில் யார் இறந்தாலும் பெட்டியை மூடுமுன் அவர் வாழ்ந்ததை ஒரு பக்கத்தில் எழுதி எல்லாரும் கேட்க வாசிப்பார்கள். பிறகு அந்தத் தாளைச் சபையின் பெரிய நோட்டில் ஒட்டி வைப்பார்கள். பிறந்தது, ஞானஸ்நானம், தொழில், கல்யாணம், மக்கள், மரணம்.

“எந்த வரி ஓமனா?”

“கடைசி வரி. திருப்பி வாசியுங்க.”

“‘தமது கடைசிப் பத்து நாட்களும் சுயநினைவின்றி, மனைவியையும் வீட்டையும் அறியாத நிலையில் இருந்து, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.’”

“அது பொய்யாக்கும்.”

பாட்டுப் படித்துக்கொண்டிருந்த பெண்களின் குரல் பாதியில் தேய்ந்து நின்றது. முன்னறையின் நடுவே ஃப்ரீசர் பெட்டிக்குள் சுந்தரதாஸ் வெள்ளை வேட்டி சட்டையில் கிடந்தார். மூக்கில் குழாய் இருந்த இடத்தில் மட்டும் தோல் கன்றியிருந்தது. தலைமாட்டில் நாற்காலி போட்டு ஓமனாவை உட்கார வைத்திருந்தார்கள். பெட்டி வீட்டைவிட்டு இறங்கும்வரை மனைவி அங்கிருந்து எழக்கூடாது. மூன்று மணிக்கு எடுப்பு. இப்போது பதினொன்றரை ஆகியிருந்தது. ஆடிமாதத்துக் கர்க்கடக மழை விட்டுவிட்டுத் தகரப்பந்தலில் தாளம் போட்டது.

பந்தலில் நின்ற ஜெயசிங் உள்ளே வந்தான். சுந்தரதாஸின் தம்பி, செங்கல் என்ற ஊரில் ஹார்டுவேர் கடை வைத்திருப்பவன். ஆஸ்பத்திரிக் கவர் அவன் கையில்தான் இருந்தது.

“மைனி, வில்பிரட்டண்ணனுக்கு நானாக்கும் சொல்லிக்குடுத்தேன். நானா இட்டுக்கட்டல்ல. பேப்பர்ல உள்ளது.”

“எந்தப் பேப்பர்ல?”

“ஆஸ்பத்திரியில அண்ணன்கூட குடுத்துவிட்ட பேப்பர்ல. ஜெஸ்மிகிட்ட குடுத்து வாசிக்கச் சொல்லுங்க.”

மகள் ஜெஸ்மி நெய்யாற்றின்கரையில் மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். இருபத்து நாலு வயது. அழுது வீங்கிய கண்களைத் துடைத்துக்கொண்டு காகிதத்தை வாங்கினாள். மனதுக்குள் ஒருமுறை வாசித்துவிட்டு அம்மாவைப் பார்த்தாள்.

“உரக்க வாசி மக்கா. எல்லாரும் கேக்கட்டு.”

“மருந்து ஏறி அஞ்சாம் நாள் எடுத்த பரிசோதனை அம்மா. ‘பெயர், சரி. மாதம், சரி. வீடு இருக்கும் மாநிலம், தவறு. மனைவியை அடையாளம் காணவில்லை. பிள்ளைகளின் எண்ணிக்கை, தவறு. குழப்பம் மாறாமல் இருக்கிறது.’ அவ்வளவுதான்.”

“கேட்டியளா?” என்றான் ஜெயசிங். குரலில் வெற்றி இல்லை, சோர்வுதான் இருந்தது. “அண்ணன் போன பிறவு இதுல என்ன மைனி கிடக்கு. விட்டுருங்க.”

ஓமனா பெட்டியின் கண்ணாடிமேல் கையை வைத்தாள். குளிர் உள்ளங்கை வழியாக மேலேறியது. மூன்று தவறு. அந்தக் காலை அவள் திரைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். மூன்று பதிலையும் தன் காதால் கேட்டாள். டாக்டர் பேனாவால் காகிதத்தில் கோடு கிழித்ததையும் பார்த்தாள். பார்த்தும் வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

*

வயிற்று வலி என்று ஆட்டோவில் ஏறிய மனிதர். பித்தப்பையிலிருந்து ஒரு கல் இறங்கி வழியை அடைத்து, கணையம் வீங்கி, தன்னைத்தானே அரித்துத் தின்னத் தொடங்கியிருந்தது. கணையம் என்று கேட்டதும் சொந்தக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குடிகாரனுக்கு வரும் நோய் அல்லவா? ஆயுசில் அவர் குடித்த அதிகபட்சம், பட்டறையில் நாளைக்கு ஏழு சாயா. ஆறு தெருவுக்கும் கிணற்று மோட்டார் சரிசெய்து கொடுத்தவர்.

மூன்றாம் நாள் மூளை கலங்கியது. குழாய்களைப் பிடுங்கினார். நர்சைப் பார்த்துக் கேட்கக்கூடாத வார்த்தை சொன்னார். சபைக் கமிட்டியில் ஒருவர்விடாமல் பேர் சொல்லித் திட்டினார். ஓமனாவைப் பார்த்து, “யாரு இவ, இவள வெளிய போவச் சொல்லு” என்று அலறினார். கைகளைக் கட்டில் கம்பியோடு துணியால் கட்டிவிட்டார்கள். கணையத்திலிருந்து கசிந்த விஷம் ரத்தத்தில் ஏறி மூளையை வீங்கவைத்திருக்கிறது, இதற்கென்று தனி மருந்து கிடையாது என்றார் பெரிய டாக்டரம்மா. பிறகு அவளைத் தனியாக உட்காரவைத்து, ஒரு ஆராய்ச்சி நடக்கிறது என்றார்.

“ஸ்டெம்செல். பிரசவத்தில் அறுத்துப்போடும் பொக்குள்கொடியிலிருந்து எடுத்து வளர்க்கிற உயிரணுக்கள். டிரிப்பாக ஏற்றுவோம். வீக்கத்தை அடக்குமா, மூளை தெளியுமா என்று பார்க்கத்தான் இந்த ஆராய்ச்சி. பாதிப்பேருக்கு அது, பாதிப்பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர். யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது. குணமாகும் என்று நான் சொல்லமாட்டேன். நன்றாக யோசித்துச் சொல்லுங்கள்.”

குணமாகும் என்று சொல்லமாட்டேன் என்று சொன்ன முதல் டாக்டர் அவர்தான். அதனாலேயே ஓமனாவுக்கு அவரை நம்பத் தோன்றியது. பொக்குள்கொடி என்ற சொல்லை மட்டும் இன்னொருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டாள். பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

“அண்ணன் என்ன எலியா?” என்று ஜெயசிங் அன்றைக்கே ஆஸ்பத்திரி வராந்தாவில் கத்தினான். அவன் கத்தியது பயத்தில் என்று அவளுக்குத் தெரிந்தது. அவள் பயத்துக்கு ஒரு கையெழுத்து கிடைத்தது. அவனுக்கு அதுகூட இல்லை.

டிரிப் ஏறியது. ஒரு நாள், இரண்டு நாள், ஒன்றுமில்லை. ஐந்தாம் நாள் காலை அவள் முகம் துடைக்கப் போனபோது அவர் கண்ணைத் திறந்து, “மழை பெய்யா?” என்றார். அவள் தண்ணீர்ப் பேசின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதன்பின் ஒரு மணி நேரம் கழித்துத்தான் அந்த இளம் டாக்டர் வந்தார். வடக்கே கண்ணூர்க்காரர். கையில் அட்டையும் தாளும். இவள் ஏதோ சொல்லப் போனதும் விரலை உயர்த்தி, “சேச்சி மிண்டாதிருக்கணும்” என்றார். வாயே திறக்கக் கூடாதாம், பதில் எடுத்துக் கொடுக்கக் கூடாதாம். திரைக்கு இந்தப் பக்கம் நிறுத்திவிட்டார்.

பெயர் கேட்டார். சொன்னார். மாதம் கேட்டார். கர்க்கடகம். வீடு எந்த மாநிலத்தில் என்று கேட்டார்.

“அடுக்களை வரை கேரளம்,” என்றார் சுந்தரதாஸ், குழாய் உரசிய கரகரப்பில். “கிணறு தமிழ்நாடு.”

பேனா கிழித்தது. டாக்டர் திரையை விலக்கி ஓமனாவைக் காட்டி, இது யார் என்று கேட்டார். அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். உதட்டோரம் அசைந்தது.

“ஆரியங்கோட்டுக்காரி.”

மறுபடி பேனா. பிள்ளைகள் எத்தனை?

அந்தக் கேள்விக்கு அவர் சொன்ன பதிலில்தான் ஓமனாவுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. டாக்டர் போன பிறகும் வெகுநேரம் அது பிரியவில்லை. அதற்குள் அவர் உறங்கிவிட்டார். சாயங்காலம் விழித்தபோது, கூரையிலிருக்கும் கோழிகளை விரட்டச் சொல்லிக் கேட்டார். காய்ச்சல் கூடியது. பிறகு நுரையீரல். பன்னிரண்டாம் நாள் எல்லாம் அடங்கியது.

*

“நீது வாறா,” என்று வாசலில் யாரோ சொன்னார்கள்.

ஆஸ்பத்திரியில் அந்த ஆராய்ச்சியின் காகிதங்களையெல்லாம் பார்த்துக்கொள்ளும் பெண். கொல்லத்துக்காரி, நெய்யாற்றின்கரையில் கட்டிக்கொடுத்தது. இந்தப் பக்கத்துப் பேச்சு முக்கால்வாசி புரியும், கால்வாசி பேசுவாள். ஒரு மலர்வளையத்தைப் பெட்டியின் மேல் வைத்துவிட்டு ஓமனாவின் கையைப் பிடித்தாள்.

“சேச்சி...”

“நீ நல்ல நேரத்துல வந்த. இது யாரு எழுதினது?”

ஜெஸ்மி காகிதத்தை நீட்டினாள். நீது பார்த்தாள்.

“டாக்டர் எழுதினது. அன்னத்தெ, அந்த அஞ்சாம் நாள் பரிசோதனை.”

“மூணும் தப்பாக்கும்.”

“ஆ... மூணும் தப்புன்னு போட்டிருக்கு.”

“அவருக்க பதிலு தப்பில்ல பிள்ள. எழுதினதாக்கும் தப்பு. மாத்தணும்.”

நீது சுற்றிலும் பார்த்தாள். பெட்டி, பெண்கள், ஊதுபத்தி. ஒரு சாவு வீட்டில் இப்படியொரு கேள்வி வரும் என்று அவள் நினைத்து வந்திருக்கவில்லை. “சேச்சி, இப்பம் இது... அடக்கம் கழிஞ்ஞு நான் ஒரு நாள் வரட்டா?”

“அடக்கம் கழிஞ்சா அந்த நோட்டுல ஒட்டிருவாவ. நீங்க ஒங்க பெட்டியில பூட்டிருவிய. பின்ன அவரு பொண்டாட்டிய அறியாமச் செத்த ஆளு. காலத்துக்கும்.”

“மைனி,” ஜெயசிங் குரலைத் தாழ்த்தினான். “ஆளுவ பாக்குதாவ.”

“பாக்கட்டு.”

அவள் எழுந்தாள்.

அறை முழுக்க ஒரு மூச்சு உள்ளே இழுக்கும் சத்தம் கேட்டது. மூத்த பெண்ணொருத்தி அவள் தோளைப் பிடித்து அமர்த்தப் பார்த்தாள். “எந்திரிக்கப்பிடாது ஓமனா, பெட்டி எறங்கல்ல.” ஓமனா அந்தக் கையை மெதுவாக எடுத்துவிட்டாள். முப்பது வருஷம் எழு என்றபோது எழுந்து, இரு என்றபோது இருந்தவள்தான். இன்று கால்கள் அவளைக் கேட்கவில்லை.

“வா பிள்ள. நீயும் வா ஜெஸ்மி. வில்பிரட்டண்ணா, நீங்களும் பேனாவ எடுத்துட்டு வாருங்க. ரொம்பத் தூரம் இல்ல. அடுத்த மாநிலம்.”

யாரோ சிரித்துவிட்டு உடனே வாயை மூடிக்கொண்டார்கள்.

அடுக்களை வழியாக நடந்தார்கள். அடுப்பில் யாரோ கட்டன்சாயா கொதிக்கவைத்துக்கொண்டிருந்தார்கள். பின்வாசல் படியைத் தாண்டிய நாலாவது எட்டில், முழங்கால் உயரத்தில் கருங்கல்லில் எல்லைக்கல் ஒன்று நட்டிருந்தது. ஒரு முகத்தில் மலையாளத்தில் ஒரு எழுத்து, மறுமுகத்தில் தமிழில் ஒன்று. பாசி பிடித்திருந்தது. அதற்கு அப்பால் ஐந்தடியில் கிணறு.

கிணற்றில் பிரேமகுமாரி தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கத்து வீட்டுக்காரி. சாவு வீட்டுக்கு வந்தவர்களுக்குக் கால் கழுவவும் குடிக்கவும் காலையிலிருந்து அவள்தான் இறைத்துக் கொடுக்கிறாள். கப்பி கிரீச்சிட்டது.

“எம்மாடி, நீ ஏன் எந்திரிச்ச?”

“பிரேமா, இந்தப் பிள்ளைக்குச் சொல்லு. எனக்க வீடு எங்க இருக்கு?”

“என்ன கேக்குத? இஞ்சதான்.”

“எந்த மாநிலம்?”

பிரேமகுமாரி வாளியைக் கைப்பிடிச் சுவரில் வைத்தாள். அவள் முகத்தில் கேள்வி மறைந்து, பழைய பரிச்சயமான ஒரு எரிச்சல் வந்தது. “அடுக்களை வரை கேரளம். கிணறு தமிழ்நாடு. கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப் போச்சு. இவருக்குத் தொழிலு மோட்டாரு சரிசெய்யுதது. சொந்தக் கிணத்துல ஒரு மோட்டாரு வெய்யுமய்யா, கைய வலிக்குதுன்னு கேட்டா, ‘கேரளாக் கரண்ட வெச்சுத் தமிழ்நாட்டுத் தண்ணிய இழுத்தா ரெண்டு போலீசும் வருமாக்கும்’னு ஒரு சிரிப்பு. வாறவன் போறவன் எல்லாருகிட்டயும் இதே சொல்லு. பாலுக்காரங்கிட்ட சொல்லிச்சு. கேஸு சிலிண்டரு கொண்டு வாறவங்கிட்டயும் சொல்லிச்சு.” கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். “இப்பம் மோட்டாரும் இல்ல, ஆளும் இல்ல.”

நீது கல்லைப் பார்த்தாள், கிணற்றைப் பார்த்தாள், திரும்பி அடுக்களை வாசலைப் பார்த்தாள். செருப்பு சேற்றில் புதைந்திருந்தது. பையிலிருந்து நோட்டை எடுத்தாள்.

“எழுதினத மாத்த எனக்கு அதிகாரம் இல்ல சேச்சி. அந்தத் தாள் அப்பிடியேதான் கிடக்கும். பக்ஷே கூட ஒரு குறிப்பு வெக்கலாம். யார் சொன்னது, எதனால தப்புன்னு. சேச்சி கையெழுத்திடணும். ஆராய்ச்சி நடத்துற எல்லாரும் அத வாசிச்சே தீரணும்.”

“போதும். எழுது.”

“ரெண்டாவது?”

“ஆரியங்கோட்டுக்காரின்னு சொன்னாருல்லா? ஆரியங்கோடு நான் பெறந்த ஊராக்கும். கெட்டிட்டு வந்த அன்னைக்கு இந்தக் கல்லப் பாத்து, குளிக்க வேற மாநிலத்துக்குப் போவணுமான்னு கேட்டேன். அன்னைலேருந்து எனக்கு அதாக்கும் பேரு. ஓமனான்னு அவரு கூப்பிட்டது சபையில வெச்சு மட்டும்.”

ஜெஸ்மி தலையாட்டினாள். “ஃபோன்லயும் அப்பிடித்தான் போட்டிருக்கும்.” அப்பாவின் ஃபோன் அவளிடம்தான் இருந்தது. எடுத்துக் காட்டினாள். நீது பார்த்துவிட்டுக் குனிந்து எழுதினாள். மழைத்துளி விழுந்து ஒரு வரி கலங்கியது. கையால் மறைத்துக்கொண்டு திரும்ப எழுதினாள்.

ஜெயசிங் பின்வாசல் படியில் நின்றிருந்தான். கல்லைத் தாண்டி வரவில்லை.

“எழுதி என்ன ஆவப்போவுது? அண்ணனுக்கு ஏத்தினது மருந்தா, உப்புத்தண்ணியா? அத முதல்ல சொல்லச் சொல்லுங்க.”

“எனக்கு அறியில்ல,” என்றாள் நீது. “டாக்டருக்கும் அறியில்ல. எல்லாருக்கும் முடிஞ்ச பிறகுதான் பிரிச்சுப் பார்ப்பாங்க. இன்னும் ரெண்டு வருஷம் ஆவும்.”

“கேட்டியளா மைனி? உப்புத்தண்ணியா இருந்தா?”

அந்தக் கேள்வியை ஓமனா தனக்குள் எத்தனையோ முறை கேட்டிருந்தாள். கோழிகளை விரட்டச் சொன்ன அந்தச் சாயங்காலத்தையும் அவள் மறக்கவில்லை. காலையில் தெளிந்தது மருந்தால்தானா, அணையப்போகும்போது கொஞ்சம் வெளிச்சம் கூடியதா, அவளுக்குத் தெரியாது. தெரியும் என்று சொல்ல அவளுக்கு ஆசையும் இல்லை.

“உப்புத்தண்ணின்னா உப்புத்தண்ணி. எலே ஜெயசிங்கு, அப்பமும் அவரு பதிலு சொன்னாருல்லா? உப்புத்தண்ணி ஏறின ஆளும் அஞ்சாம் நாள் பொண்டாட்டியத் தெரிஞ்சாருன்னு எழுதட்டு. மருந்து ஏறின ஆளுன்னா அப்பிடி எழுதட்டு. அன்னைக்கு சாயங்காலமே திரும்பப் போச்சு, அதையும் எழுதட்டு. பொய்ய வெச்சா அடுத்த ஆளுக்கு மருந்து கண்டுபிடிக்கப் போறாவ? நான் கையெழுத்துப் போட்டது பொய்க்கு இல்ல.”

ஜெயசிங் படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

நீது பக்கத்தைப் புரட்டினாள். “மூணாவது இது சேச்சி. மக்கள் எத்தனைன்னு கேட்டதுக்கு, ரெண்டுன்னு பறஞ்ஞதா எங்க தாள்ல இருக்கு.” அவள் தயங்கி ஜெஸ்மியைப் பார்த்தாள். “அது மட்டும் தப்புதானே. ஒரு மகள்தானே. அத அப்பிடியே விடட்டா? ரெண்டு சரியானதே பெரிய காரியம்.”

அப்படியே விடலாம். யாரும் குறை சொல்லமாட்டார்கள். மூன்றில் இரண்டு. ஓமனா கிணற்றின் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். ஈரக் கயிறு. அதன் நார் உள்ளங்கையில் குத்தியது.

இருபத்தேழு வருஷம் முன்பு இதே கயிற்றில்தான் அவர் தண்ணீர் இறைத்து ஒரு வெள்ளைத் துண்டை அலசினார். அவள் அடுக்களைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை. விடியலில் பிறந்து உச்சிப்பொழுதுக்குள் போய்விட்டது. துண்டில் பொதிந்து அவர் ஒருவராகத்தான் கொண்டுபோனார். ஞானஸ்நானம் வாங்காத பிள்ளைக்கு நோட்டில் இடமில்லை என்று அன்றைய செயலர் சொன்னாராம். கல்லறைத் தோட்டத்தின் மதில் மூலையில் அவரே குழி தோண்டினாராம். அதையும்கூட வேறு யாரோ சொல்லித்தான் அவள் அறிந்தாள். அவர் சொல்லவில்லை. துண்டை அலசிக் கொடியில் போட்டார், சாயா கேட்டார். அதன்பின் ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஒவ்வொரு ஈஸ்டருக்கும் கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்போதும் அவர் அந்த மூலையின் பக்கம் திரும்பாமல் நடப்பதை அவள் பார்த்திருக்கிறாள். மறந்துவிட்டார் என்று முடிவு செய்திருந்தாள். அதற்காக, வெளியே தெரியாமல், அவரை வெறுத்த வருஷங்களும் உண்டு.

பிள்ளைகள் எத்தனை?

ரெண்டு.

மூளை வீங்கி, கைகள் கம்பியில் கட்டிக்கிடக்க, யோசிக்கக்கூட யோசிக்காமல் சொன்னார். அந்தச் சொல்லில்தான் அவள் நாக்கு ஒட்டியது. டாக்டர் கிழித்தபோது, இல்லை, சரிதான் என்று சொல்ல அவளால் முடியவில்லை. சொல்லாமல் விட்டது அவள். இருபத்தேழு வருஷத்து மௌனத்தில் இன்னும் ஒரு நாள்.

“அம்மா?” என்றாள் ஜெஸ்மி.

ஓமனா மகளைப் பார்த்தாள். சொல்லாமலே வளர்த்த பெண். இதை அவள் கேட்க வேண்டிய நாள் இதுவல்ல. வேறு எந்த நாள் என்றும் ஓமனாவுக்குத் தெரியவில்லை.

“தப்பில்ல,” என்றாள். “ரெண்டாக்கும். ஒனக்கு மூத்தது ஒண்ணு உண்டு மக்கா. அரை நாள் இருந்தான்.”

பிரேமகுமாரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவளுக்குத் தெரியும். படியில் உட்கார்ந்திருந்த ஜெயசிங் தலையைக் குனிந்தான். அவனுக்கும் தெரியும். தெரியாதவள் ஜெஸ்மி ஒருத்திதான். அவள் அழவில்லை. அம்மாவின் கையிலிருந்து கயிற்றை விடுவித்து, அந்தக் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

நீது எழுதினாள். எழுதி முடித்து நோட்டை நீட்டினாள். கல்லின் தலைமேல் நோட்டை வைத்து ஓமனா கையெழுத்துப் போட்டாள்.

“அண்ணா,” என்று வில்பிரட்டைப் பார்த்தாள். “அந்தத் தாள்லயும் மாத்துங்க. கடைசி வரி மட்டுமில்ல. மக்கள்னு வாற எடமும்.”

வில்பிரட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஓமனா... மனசு எனக்குப் புரியுது. ஆனா சபை நோட்டுல இல்லாத பிள்ளைய ஜீவசரித்திரத்துல எப்பிடி வாசிக்க? நாளைக்குக் கமிட்டி கேக்கும்.”

“நோட்டுல இல்லேன்னா மண்ணுல இல்லியா? மதிலு மூலையில தோண்டிப் பாக்கச் சொல்லுங்க கமிட்டிய.”

“அப்பிடி இல்ல...”

“நீங்க வாசிக்கல்லேன்னா நான் வாசிப்பேன். பெட்டிக்கப் பக்கத்துல நின்னு வாசிப்பேன். எந்திரிக்கப்பிடாதுன்னு சொன்னாவ, எந்திரிச்சாச்சு. இனி வாய் தொறக்கதுக்கு என்ன?”

மழை வலுத்தது. வில்பிரட் தாளைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அடுக்களைக்குள் ஒதுங்கினார். சாயாப் பாத்திரத்துக்குப் பக்கத்தில் தாளை விரித்து, நின்றபடியே கடைசி வரியை அடித்தார். ஓமனா சொல்லச் சொல்ல எழுதினார். பிறகு மேலே போய், ‘ஒரு மகள்’ என்ற இடத்தில் பேனாவை நிறுத்தினார்.

“ஆணுன்னு சொன்ன. பேரு?”

“வெக்கல்ல.”

அவர் ‘ஒரு மகள்’ என்பதை அடித்தார். எழுதினார். எழுதியதற்குப் பக்கத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு வெறுமையாக விட்டார்.

*

மூன்று மணிக்குப் போதகர் ஜெபம் சொல்லி முடித்தார். பெட்டியைச் சுற்றி நிற்க இடமில்லை. பந்தலுக்கு வெளியே குடைகளின் கீழும் ஆட்கள் நின்றார்கள். ஓமனா நாற்காலியில் உட்காரவில்லை. பெட்டியின் பக்கத்தில் நின்றாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவுமில்லை. வாசலோரத்தில் சேறு காய்ந்த செருப்போடு நீது நின்றாள்.

வில்பிரட் தாளைப் பிரித்தார். பிறந்தது வாசித்தார், ஞானஸ்நானம் வாசித்தார். ‘மின்மோட்டார் பழுதுபார்க்கும் தொழிலை நேர்மையாகச் செய்துவந்தார்’ என்று வாசித்தார். ஆரியங்கோட்டு ஓமனாவை மணந்ததை வாசித்தார்.

“‘இவர்களுக்கு இரண்டு மக்கள். மூத்தவன்...’”

அவர் நிறுத்தினார். கூட்டத்தில் யாரோ இருமினார்கள். முன்வரிசையில் கமிட்டிக்காரர் ஒருவர் தலையை நிமிர்த்திப் பார்த்தார். வில்பிரட் தாளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஒரு பேரை உச்சரிக்க ஆகும் நேரம் அளவுக்கு அப்படியே நின்றார். பின்வாசலுக்கு அப்பால், கல்லைத் தாண்டி, கப்பி கிரீச்சிட்டு வாளி இறங்கும் சத்தம் கேட்டது.

“‘...இளையவள் ஜெஸ்மி,’” என்று அவர் மேலே வாசித்தார்.